உயிரைப் பிடித்து வைப்பதா, விட்டுவிடுவதா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு வீடாகப் போய், குணமாகாத நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வலி தணிப்புக் குழு ஒன்றில் தொண்டராக இருக்கிறேன். போகிற வீடுகளில் மருந்து, புண் கட்டுவது பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் உண்மையான கேள்வி வரும். "ஒண்ணு கேக்கலாமா, தப்பா நினைக்கக் கூடாது" என்று ஆரம்பிப்பார்கள். ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞரும் இல்லை, மத குருவும் இல்லை. என் கருத்தைச் சொல்லும் இடங்களில் அது என் கருத்து என்று சொல்லியே எழுதுகிறேன்.

கருணைக்கொலைன்னா என்னங்க? வென்டிலேட்டரை எடுக்கிறதும் அதுதானே?

இல்லை. மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நோயாளி கேட்டதன் பேரில் மருத்துவரே மருந்து செலுத்தி உயிரை முடிப்பது ஒன்று. மருத்துவர் மருந்தை எழுதித் தர, நோயாளி தானே எடுத்துக்கொள்வது இரண்டாவது. இனி பலன் இல்லை என்று தெரிந்த சிகிச்சையைத் தொடங்காமலிருப்பதோ, தொடங்கியதை நிறுத்துவதோ மூன்றாவது. முதல் இரண்டில் சாவு வருவது மருந்தால். மூன்றாவதில் சாவு வருவது நோயால்.

நம் வீடுகளில் வரும் கேள்வி பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றியது. ஆனால் "கருணைக்கொலை" என்ற சொல் காதில் விழுந்ததுமே குடும்பம் பயந்துவிடுகிறது. கொலைப் பழி நம் மேல் விழுமோ என்ற பயத்திலேயே ஐசியூவில் நாள் நாளாக இழுத்தடிக்கிறார்கள்.

இந்தியாவுல இதுல எது சட்டப்படி சரி?

மேலே சொன்ன முதல் இரண்டுக்கும் இந்தியாவில் அனுமதி இல்லை. மூன்றாவதற்கு உண்டு, நிபந்தனைகளோடு. 2011 மார்ச் 7 அன்று அருணா ஷான்பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முதன்முதலில் கதவைத் திறந்தது. அப்போது ஒவ்வொரு நோயாளிக்கும் உயர் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். 2018 மார்ச் 9 அன்று, 'காமன் காஸ்' அமைப்பு 2005இல் தொடுத்த வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு கண்ணியமாகச் சாவதும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. எனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதையும் அந்தத் தீர்ப்புதான் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அன்று வகுத்த நடைமுறையை யாராலும் பின்பற்ற முடியவில்லை. மாஜிஸ்திரேட் கையெழுத்து, கலெக்டர் அமைக்கும் குழு, 20 ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர்கள் என்று போனது. 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதை எளிதாக்கியது. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதை நடைமுறைப்படுத்தத் தனியாகச் சுற்றறிக்கையே போட்டது.

அருணா கேஸ்ல அனுமதி குடுக்கலையே? அப்புறம் எப்படி அது முன்மாதிரி ஆச்சு?

அருணா மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் நர்ஸ். 1973 நவம்பரில் அங்கேயே வேலை செய்த ஊழியர் ஒருவரின் கொடூரத் தாக்குதலில் மூளை பாதிக்கப்பட்டு, நினைவு திரும்பாமலேயே கிடந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி அவர் சார்பாக மனு போட்டார். அருணாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்கள் கூடாது என்றார்கள். அத்தனை வருடம் படுக்கையில் கிடந்தவருக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். படுக்கைப்புண் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் புரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை யாராவது புரட்டிப் படுக்க வைத்திருக்க வேண்டும், இரவும் பகலும், தலைமுறை மாறி வந்த நர்ஸ்களும் சேர்த்து.

அருணாவுக்காகப் பேசும் உரிமை, கூட இருந்து பார்த்துக்கொண்ட அந்த ஊழியர்களுக்குத்தான் என்று நீதிமன்றம் சொன்னது. அதனால் மனு தள்ளுபடி. ஆனால் அதே தீர்ப்பில் சிகிச்சையை விலக்குவது பொதுவாக எப்போது சரி என்று வகுத்ததால் அது முன்மாதிரி ஆனது. 2015 மே 18 அன்று நிமோனியாவில் அருணா இறந்தார். மனு போட்டவர், எதிர்த்தவர் இரு தரப்பும் அன்பால்தான் பேசினார்கள் என்று நான் நம்புகிறேன். நாங்கள் போகும் வீடுகளிலும் அண்ணன் ஒன்று சொல்வார், தங்கை வேறு சொல்வார். அதில் ஒருவரைக் கல்நெஞ்சுக்காரர் ஆக்கிவிட வேண்டாம்.

உயிரைக் குடுத்தவன்தானே எடுக்கணும்? எல்லா மதமும் அதைத்தானே சொல்லுது?

உயிரை வேண்டுமென்றே முடிக்கக் கூடாது என்பதில் பெரிய மதங்களின் அதிகாரபூர்வ நிலைப்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எந்த விலை கொடுத்தாவது கடைசி மூச்சைத் தள்ளிப்போடு என்று அவை சொல்லவில்லை. இந்த இரண்டாவது பாதியைத்தான் நம் ஆட்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் போப் பன்னிரண்டாம் பயஸ் மயக்க மருத்துவர்களிடம் பேசும்போது, சாதாரண வழிமுறைகளைத் தாண்டிய சிகிச்சையை ஏற்க யாருக்கும் கடமை இல்லை என்றார். 1980இல் வாடிகன் வெளியிட்ட அறிக்கையும், 2017இல் போப் பிரான்சிஸ் அனுப்பிய செய்தியும் அதே வழியில்தான். கருணைக்கொலை பாவம், வீண் சிகிச்சையை நிறுத்துவது பாவம் இல்லை. இஸ்லாத்தில் உயிர் அல்லாஹ்வின் அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்த பொருள்; அதை முடிப்பது ஹராம், விலக்கப்பட்டது. ஆனால் பலன் இல்லை என்று நம்பகமான மருத்துவர்கள் உறுதியாகச் சொன்ன பிறகு கருவியை விலக்கலாம் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். பள்ளிவாசல் இமாமிடம் கேட்கத் தயங்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது, மருத்துவரின் குறிப்பைக் கையோடு எடுத்துப் போய்க் கேளுங்கள் என்பதுதான். "கருணைக்கொலை செய்யலாமா" என்று கேட்டால் கூடாது என்ற பதில்தான் வரும். நிலைமையைச் சொல்லிக் கேட்டால் வேறு பதில் வரக்கூடும்.

புராட்டஸ்டன்ட் பக்கம் மாற்றம் இன்னும் வெளிப்படை. மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்வதை இங்கிலாந்துத் திருச்சபை இன்றைக்கும் எதிர்க்கிறது. ஆனால் அதன் தலைமைப் பேராயராக இருந்த ஜார்ஜ் கேரி, முதலில் எதிர்த்தவர், 2014இல் மனம் மாறி ஆதரித்தார். தென்னாப்பிரிக்காவின் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2016இல் இன்னும் ஒரு படி மேலே போய், தனக்கே அந்த வாய்ப்பு வேண்டும் என்றார்.

நம்ம இந்து மதத்துல கர்மாவைப் பாதியில நிறுத்தினா அடுத்த பிறவியில தொடருமாமே?

இந்தக் கேள்வியைச் சாவுப் படுக்கை பக்கத்திலேயே கேட்பார்கள், நோயாளி காதில் விழும்படி. தயவுசெய்து அறைக்கு வெளியே வந்து கேளுங்கள்.

இந்து மரபில் ஒரே பதில் சொல்லும் பீடம் கிடையாது. வினையை அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்பது பலரின் நம்பிக்கை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நம்பிக்கையை வைத்து வென்டிலேட்டரை நியாயப்படுத்த முடியுமா? நோயின் போக்கில் விட்டால் வரும் சாவை மெஷின் போட்டுத் தள்ளி வைப்பதும் ஒரு தலையீடுதானே? உணவை விட்டு உயிர் துறக்கும் பிராயோபவேசம் என்ற வழக்கமும் இதே மரபில்தான் இருக்கிறது. காந்தியவாதி வினோபா பாவே 1982 நவம்பரில் பவனார் ஆசிரமத்தில் உணவையும் மருந்தையும் மறுத்து 15ஆம் தேதி இறந்தார். பிரதமர் இந்திரா காந்தி நேரில் போய்ப் பார்த்தார். யாழ்ப்பாணம் யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்று, ஹவாய் தீவில் சைவ மடம் நிறுவிய சிவாய சுப்ரமுனியசுவாமி, குடல் புற்றுநோய் முற்றியது தெரிந்ததும் உண்ணாநோன்பு இருந்து 2001 நவம்பர் 12இல், நோன்பின் 32ஆம் நாளில், அடங்கினார். இவர்களை யாரும் தற்கொலை செய்துகொண்டவர்கள் என்று சொல்வதில்லை.

காந்தியும் இதில் மாட்டிக்கொண்டவர்தான். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியில்லாமல் துடித்த கன்றுக்குட்டி ஒன்றை ஊசி போட்டு உயிர் பிரியச் செய்தார். அகிம்சை பேசியவரா இப்படி என்று கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை, துன்பத்தை முடிப்பதும் அகிம்சையாக இருக்கலாம் என்று எழுதினார். நூறு வருடம் ஆகப்போகிறது, அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

வடக்கிருத்தல் நம்ம முன்னோர் செஞ்சதுதானே? அப்போ இது நமக்குப் புதுசில்லையே?

வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமல் இருந்து உயிர் விடுவதுதான் வடக்கிருத்தல். இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் அதிகம். கொஞ்சம் நிதானிக்கலாம். உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழன் பெற்ற மகன்களே படை எடுத்து வந்த வேதனையில் வடக்கிருந்தார். நேரில் பார்த்தே இராத நண்பர் பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வந்து கூடவே அமர்ந்து உயிர் விட்டார். சேரமான் பெருஞ்சேரலாதன் வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் முதுகு வரை போய்ப் புறப்புண் பட்டதால் நாணி வடக்கிருந்தார். காரணங்களைப் பாருங்கள்: மானம், நட்பு, மனக்கசப்பு. நோய் எங்கேயும் இல்லை.

தானாக முடிவெடுத்துச் சாவை எதிர்கொண்டவரை ஊரே மதித்தது என்பதற்கு அது சான்று, சரி. அதற்கு மேல் இழுத்து, இன்றைய ஐசியூ கேள்விக்குப் புறநானூற்றில் பதில் தேடுவது பொருந்தாது. நோயோடு சம்பந்தப்பட்ட மரபு வேண்டுமென்றால் சமணத்தில் இருக்கிறது.

சமணர்களோட சல்லேகனை தற்கொலை இல்லையா? கோர்ட்டே அப்படிச் சொல்லுச்சே?

சல்லேகனை என்பது உணவைப் படிப்படியாக விட்டு உயிர் துறக்கும் சமண நோன்பு. 2015 ஆகஸ்ட் 10 அன்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், சந்தாரா என்றும் சொல்லப்படும் இந்த நோன்பைத் தற்கொலையாகவே பார்க்க வேண்டும் என்றது. நாடெங்கும் சமணர்கள் கடையடைத்து மௌன ஊர்வலம் போனார்கள். அதே மாதம் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

இது வடக்கத்திய சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. பாறை முகத்தில் சமணர் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருப்பார்கள். அங்கேயே, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் துறந்த இடம் இது என்று ஒரு கல்வெட்டு. பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்து உருவாகிவந்த காலத்தைச் சேர்ந்தது. வந்தவாசி, செஞ்சி வட்டாரத்தில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள்.

சல்லேகனைக்கு எப்போது இடம் என்று சமண நூல்கள் வரையறுத்திருக்கின்றன: தப்ப முடியாத இடர், கடும் பஞ்சம், முதுமை, மருந்தில்லாத நோய். வாழ்க்கை வெறுத்துப்போனதால் செய்யக் கூடாது, சீக்கிரம் சாக வேண்டும் என்று ஆசைப்படுவதேகூட நோன்பைக் கெடுக்கும் குற்றம். ஆசிரியரின் அனுமதி வேண்டும். உணவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இத்தனை காவல் போட்டிருப்பதால்தான் இதைத் தற்கொலையோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குடும்பமோ சமூகமோ பெருமைக்காக ஒரு முதியவரைத் தூண்டியிருந்தால்? அந்தக் கேள்வியை நீதிமன்றம் கேட்டதில் தப்பில்லை.

தெக்கே தலைக்கூத்தல்னு செய்வாங்களே, அதுவும் வயசானவங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதானே?

அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். விருதுநகர் பக்கமும் வேறு சில தென்மாவட்டங்களிலும் இருந்துவரும் இந்த வழக்கத்தில், படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரின் கதையை எண்ணெய்க் குளியல் என்ற பெயரில் வீட்டாரே முடித்துவிடுவார்கள். அது கொலை. வேறு வார்த்தை போட நான் தயாரில்லை.

சல்லேகனையில் முடிவெடுப்பவர் சாகப்போகிறவர். தலைக்கூத்தலில் முடிவெடுப்பவர்கள் மற்றவர்கள். அந்தப் பாட்டியிடம் யார் கேட்டார்கள்? அதே சமயம், அந்த வீடுகளை நான் வெறும் கொடூரர்களின் வீடாகவும் பார்க்கவில்லை. தினக்கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டில், மலம் அள்ளி, புண் துடைத்து, வருடக்கணக்கில் தனியாகப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு மருமகள்தான் இருப்பாள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து, வராவிட்டால் திரும்பப் போய்க் கேளுங்கள்.

சோறு தண்ணி குடுக்காம எப்படிங்க விடுறது? பட்டினி போட்டுக் கொன்ன பாவம் வராதா?

எனக்கு மிகவும் கஷ்டமான கேள்வி இதுதான். நம் ஊரில் அன்பு என்றாலே சாப்பாடு. "ரெண்டு வாயாவது" என்று அம்மாவின் தாடையைப் பிடித்து ஊட்டும் மகளிடம் நிறுத்து என்று எப்படிச் சொல்வது?

ஆனால் கடைசி நாட்களில் உடம்பு உணவைக் கேட்பதில்லை. பசி இல்லாததால்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். மூச்சுத் திணறலோடு அவர்கள் போராடுவதைப் பார்த்திருக்கிறேன். உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது பால் ஊற்றுவது, நிலத்து மேல் ஆசை இருக்கும் என்று மண்ணைக் கரைத்துக் கொடுப்பது, காசை உரசி ஊற்றுவது எல்லாம் சில வீடுகளில் இன்றும் நடக்கிறது. சடங்கைத் தடுக்க நாங்கள் முயல்வதில்லை. ஊற்ற வேண்டாம், ஒரு துளியைப் பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள் என்போம். பேரன் பேத்தி எல்லோரும் வரிசையாக வந்து தொட்டு வைப்பார்கள். யாருக்கும் குறை இருக்காது.

மூக்குக் குழாய் விஷயத்தில் மதங்களுக்குள்ளேயே இழுபறி உண்டு. உடல் ஏற்றுக்கொள்ளும் வரை குழாய் வழி உணவும் நீரும் தொடர வேண்டும் என்று 2020இல் வாடிகன் சொன்னது. உடல் ஏற்கவில்லை என்ற கட்டம் வந்துவிட்டதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

மார்ஃபின் ஆரம்பிச்சா சீக்கிரம் போயிடுவாரா? அதுவும் ஒருவகை கருணைக்கொலைதானாமே?

இல்லவே இல்லை. வலிக்கு ஏற்ற அளவில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. மலச்சிக்கல் வரும், அதனால் கூடவே மலமிளக்கியும் எழுதித் தருவார்கள். அதை மறக்காமல் கொடுங்கள். வலி தணிந்ததும் பல நாள் கழித்து ஒருவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பதை நீங்களே பார்ப்பீர்கள். போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்த மருந்து பல வருடம் ஏழைகளுக்கு எட்டவே இல்லை. 2014இல் சட்டத்தைத் திருத்தி வழியைச் சீராக்கினார்கள், ஆனாலும் பல ஊர்களில் இன்னும் அலைய வேண்டியிருக்கிறது. வலிக்கு மருந்து கேட்பது பாவம் என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன போப் பன்னிரண்டாம் பயஸ் அதே 1957இல் வலி தணிப்பு மருந்து சரியே என்று தெளிவாகச் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் நல்லா இருக்கும்போதே எழுதி வைக்கணும்னா என்ன செய்யணும்?

18 வயது நிரம்பி, தெளிந்த மனதோடு இருக்கும் யாரும் எழுதலாம். எந்த நிலைமையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று விளங்கும்படி எழுதுங்கள். உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காகப் பேச, ஒருவரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ பெயர் குறிப்பிடுங்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். நகலைக் குடும்பத்தினருக்கும் குடும்ப மருத்துவருக்கும் கொடுத்து, உள்ளாட்சி அலுவலகத்தில் பொறுப்பான அதிகாரியிடமும் ஒப்படைக்க வேண்டும். சில அலுவலகங்களில் "இது என்ன புதுசா இருக்கு" என்று திருப்பி அனுப்புவார்கள். 2023 தீர்ப்பின் நகலோடு போவது நல்லது. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

அப்புறம், பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை. சொத்து உயில் செத்த பிறகு தேடினால் போதும், இது அதற்கு முன்னாலேயே கைக்கு வர வேண்டும்.

அப்பா எதுவும் எழுதி வைக்கலை. நினைவு இல்லை. அமெரிக்காவுல இருக்கிற அண்ணன் "நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க"ன்னு சொல்றார். என்ன பண்றது?

எழுதி வைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. மருத்துவமனையே ஒரு குழு அமைக்கும்: சிகிச்சை தரும் மருத்துவர், கூடவே குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள துறை நிபுணர்கள் இருவர். அவர்கள் குடும்பத்தோடு பேசி முடிவு செய்ததை, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாவது குழு சரிபார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடிய வரை 48 மணி நேரத்தில் சொல்லிவிட வேண்டும். சிகிச்சையை விலக்கும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகும். இரண்டாவது குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம்.

நடைமுறையில் பல இடங்களில் நடப்பது வேறு. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று டிஸ்சார்ஜ் எழுதி, ஆம்புலன்ஸில் ஒருவர் மூச்சுக்காற்றைச் செலுத்தும் பையை அமுக்கிக்கொண்டே வர, வாசலில் வைத்து அதை எடுத்துவிடுகிறார்கள். வலிக்கு மருந்து இல்லை, மூச்சுத் திணறலுக்கு மருந்து இல்லை. வீட்டில் சாக வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் வீட்டுக்கு வருவதற்கு முன்பே வலி தணிப்பு மருந்துகளைக் கேட்டு வாங்குங்கள்.

அண்ணன் விஷயம். அவரைத் திட்டுவதில் பயனில்லை. தூரத்தில் இருப்பவரின் குற்ற உணர்வுதான் அப்படிப் பேச வைக்கிறது. மருத்துவரோடு வீடியோ காலில் நேரடியாகப் பேசச் செய்யுங்கள். "உனக்கு என்ன வேணும்" என்று கேட்காதீர்கள். "அப்பா பேச முடிஞ்சா என்ன சொல்லியிருப்பார்" என்று கேளுங்கள். ஓரிரு நாள் காத்திருந்தால் அவர் வந்து முகம் பார்த்துவிடுவார் என்றால், அப்பாவுக்கு வலி இல்லாத பட்சத்தில், காத்திருக்கலாம் என்பேன்.

அம்மா தினமும் "என்னைக் கொன்னுடு"ங்கிறாங்க. உண்மையாவே சொல்றாங்களா?

உண்மையாகவே சொல்லலாம், வேறு எதையோ சொல்லவும் செய்யலாம். முதலில் வலி இருக்கிறதா, தூக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மனச்சோர்வு. அது வயதானால் வரும் இயல்பு இல்லை, சிகிச்சை உள்ள நோய். அப்புறம் "உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்" என்ற எண்ணம். எங்கள் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து "ஏம்மா அப்படித் தோணுது?" என்று கேட்டு, பதில் வரும் வரை பேசாமல் இருங்கள். மனநலச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் 104 இரண்டிலும் தமிழில் பேசலாம், பார்த்துக்கொள்கிறவரும் கூப்பிடலாம். வீட்டில் யாரும் அவர் கேட்டதைச் "செய்து" கொடுக்கக் கூடாது, அது கடும் குற்றம்.

வெளிநாட்டுல எல்லாம் அனுமதிச்சுட்டாங்களே, இங்கேயும் வரணுமா?

நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல், கனடாவில் 2016 முதல், நியூசிலாந்திலும் ஸ்பெயினிலும் 2021 முதல், நோயாளி கேட்டால் மருத்துவரே மருந்து செலுத்தி உயிரை முடிக்க அனுமதி உண்டு. அங்கே தாங்க முடியாத துன்பத்தில் கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே இன்று வேண்டாம் என்பதே என் கருத்து. மார்ஃபின் கிடைக்காத ஊரில், சிகிச்சைக்கு நகை அடகு வைக்கும் வீட்டில், தலைக்கூத்தல் நடக்கும் மண்ணில், "தானாக விரும்பி" என்று ஒரு பாட்டி போடும் கைநாட்டை நான் எப்படி நம்புவேன்? முதலில் வலி தணிப்பு எல்லோருக்கும் எட்டட்டும். ஏற்கனவே இருக்கும் உரிமை, அதாவது வீண் சிகிச்சையை மறுக்கும் உரிமை, அரசு மருத்துவமனை வார்டு வரை வரட்டும். அதன் பிறகு பேசலாம்.

மாமா கனடாவுல அப்படி முடிவெடுத்துப் போயிட்டார். கருமாதி, திவசம் செய்யலாமா? ஐயர் தயங்குறார்.

தர்மசாஸ்திரங்கள் தற்கொலை செய்துகொண்டவருக்குக் கிரியைகளை மறுப்பது உண்மை. மருத்துவம் கைவிட்ட முதியவர்களுக்கு விலக்கு சொல்லும் நூல்களும் அதே சாஸ்திரத்தில் உண்டு. கனடாவில் கத்தோலிக்க ஆயர்களுக்குள்ளேயே இது பிரிந்துதான் இருக்கிறது. 2016இல் ஆல்பர்ட்டா ஆயர்கள் சில சூழல்களில் தேவாலய அடக்கச் சடங்கை மறுக்க நேரிடலாம் என்றார்கள். அதே ஆண்டில் அட்லாண்டிக் பகுதி ஆயர்கள் ஒவ்வொருவரின் நிலையையும் பரிவோடு பார்க்க வேண்டும் என்றார்கள்.

உங்கள் குருக்களிடம் மாமாவின் நோயையும் கடைசி மாதங்களையும் முழுதாகச் சொல்லுங்கள், மறைத்துவிட்டுச் செய்ய வேண்டாம். பின்னால் தெரிந்தால் அத்தைக்குத்தான் பேச்சு வரும். அவர் மறுத்தால் வேறொரு குருக்களைக் கேளுங்கள், டொராண்டோ பக்கம் தமிழ்க் கோயில்களுக்குக் குறைவில்லை. எல்லோரும் மறுத்தாலும் வீட்டில் படம் வைத்து, விளக்கேற்றி, தேவாரம் பாடி, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பதை யாரும் தடுக்க முடியாது.